ஓட்டைச் சுவர்க் கூடம்

24 மே 1995, புதன்

இன்னும் கோபம் அடங்கவில்லை. பள்ளியின் பழைய கூடத்தை இடிப்பது பற்றி இன்று கமிட்டிக் கூட்டம். தலைமையாசிரியை என்பதால் நானும் இருந்தேன்.

"தூணு இல்ல, சிற்பம் இல்ல, வெறும் சிமெண்டுப் பொட்டிங்க. என்னைவிட வயசு கம்மி. இதைப் போயி புராதனம்ங்கறீங்களே டீச்சர்!" என்று செயலாளர் சிரித்தார்.

அப்போதே கரண்ட் போனது. நாங்கள் கூடியிருந்த அவருடைய புது அறை, சுற்றிலும் கண்ணாடி அடைத்தது, அடுப்பாகிவிட்டது. "ஏனுங்க, கூடத்துக்கே போயிரலாமுங்க" என்று அவரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கூடத்தின் மேற்குச் சுவர் முழுக்க ஓட்டை போட்ட சிமெண்டுக் கல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதன் வழியே அள்ளிக்கொண்டு வந்தது. செயலாளர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, "ஆகா, என்னங்க காத்து!" என்றார். பிறகு கூச்சமே இல்லாமல் இடிக்கும் தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கினார்.

நான் எழுந்துவிட்டேன். "இடிக்கோணும்னா உங்க ரூமுல போயி முடிவு பண்ணுங்க. இந்தக் காத்துல உக்காந்துட்டு ஆரும் அதைப் பேசக் கூடாதுங்க."

ஒருவரும் எழவில்லை. கரண்ட் வந்த பிறகும் எழவில்லை. தீர்மானத்தைத் தள்ளிவைத்தார்கள்.

மறுபடி கூடுவார்களாம். கூடட்டும். நாற்காலிகளைக் கூடத்திலேயே விட்டுவைக்கச் சொல்லிவிட்டேன்.