பட்டு அறைக்குத் தீ இன்ஷூரன்ஸ்

வைகாசி 12, வெள்ளி இரவு

விடிந்தால் கருட சேவை. மனம் பெருமாளிடம் போகாமல் பட்டு அறையையே சுற்றுகிறது.

போன மாதம்தான் கொழுந்தன் அந்த அறைக்குத் தீ இன்ஷூரன்ஸ் எடுத்தான். இன்று நல்ல பட்டை எல்லாம் வண்டியேற்றி வாலாஜாபாத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் கழிவு நூல் மூட்டைகளை அடுக்கினான்.

"அண்ணி, காலையில எல்லாரும் சாமி பாத்துட்டு வாங்க. நான் வீட்டப் பாத்துக்கினு இருக்கேன்."

"நீயா? சேவைன்னா மொத ஆளா ஓடுவியேப்பா!"

"வயசாவுது அண்ணி."

முப்பது வயதுகூட ஆகவில்லை அவனுக்கு.

அந்த அறைச் சுவருக்கு அடுத்த பக்கம்தான் பக்கத்து வீட்டுப் பங்கஜம் பச்சைக் குழந்தையோடு படுத்திருக்கிறாள். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "என் தம்பியையா சந்தேகப்படற?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு சேவையும் விட்டதில்லை. நாளை முழங்கால் வலி என்று சொல்லப் போகிறேன். பாயைப் பட்டு அறை வாசலிலேயே போட்டுவிட்டேன். வரதா, நீ வீதி சுற்றி வா. நான் இங்கே இருக்கிறேன்.