பொன்னுசாமி சார் ஒப்புக்கொண்ட மொழி

ஓசூர்,
திங்கள் காலை

அன்புள்ள அத்தாவுக்கு, இரமின் ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்குத் தூக்கம் வருகிறதா? அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம்.

அத்தா, உங்கள் மகள் ஜெயித்துவிட்டாள்! எங்கள் தொழிற்சாலை மெஷின்களைக் கவனிக்கும் புரோகிராமை எங்கள் சீனியர் பொன்னுசாமி சார் இருபது வருஷத்துக்கு முன் சி மொழியில் எழுதினார். ஷிஃப்ட் மாறும்போது அதன் இரண்டு பகுதிகள் ஒரே பதிவைத் திருத்தப் போய், உற்பத்தி லைனே நின்றுவிடும். நான் அதை ரஸ்ட் என்ற புது மொழியில் எழுதிக் காட்டினேன்.

"நேத்து வந்த பாஷைம்மா இது, நாளைக்கு இருக்குமா?" என்று சார் சிரித்தார்.

"சார், நம்ம டூல் ரூம்ல டோக்கன் வச்சாத்தானே அளவு பார்க்கிற கேஜ் தர்றாங்க? ஒருத்தர் கையில இருந்தா அடுத்தவருக்குக் கிடையாது. இந்த மொழியும் அப்படித்தான், ஒரே பதிவை ஒரே நேரத்துல ரெண்டு பகுதி திருத்த விடாது" என்றேன்.

உட்கார்ந்து படித்தார். "அட, இந்த அடைப்புக்குறி, லூப்பு எல்லாம் எங்க சி-ல இருந்து எடுத்ததுதானே!" சொந்தக்காரரைக் கண்டதுபோல முகம் மலர்ந்துவிட்டது.

ஒரு வாரம் ஓட்டினோம். லைன் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் அவரே, "மத்த மூணு லைனுக்கும் இந்தப் பொண்ணு எழுதுனதையே போட்டுருங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். இப்போது மற்ற லைன்காரர்களும் கற்றுத்தரச் சொல்கிறார்கள்.

என் அலமாரியிலுள்ள சி புத்தகத்தை அனுப்புங்கள். பழசைக் காட்டித்தான் புதுசைச் சொல்லித்தர வேண்டும். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது, வருகிறேன்.

உங்கள் இரம்

பி.கு.: புத்தகத்தை அம்மா உடுத்திய பழைய சேலை ஒன்றில் சுற்றுங்கள். துவைக்க வேண்டாம்.