கெய்ரோவில் ஒரு பள்ளிவாசல்

உம்மாவுக்கு ஸலாம்.

பெண்கள் பள்ளிவாசலுக்குள் போகக்கூடாது என்று நம் கல்முனையில் முதலில் சொன்னது யார்? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

லண்டன் போகும் எங்கள் கப்பல் சூயஸ் கால்வாயைக் கடப்பதற்குள், நானும் என்னோடு பயணம் செய்யும் மருதமுனை நர்ஸ் அஸீஸாவும் தனியாகக் கெய்ரோ பார்க்கப் போனோம். ஆயிரம் வருடப் பழமையான பள்ளிவாசலின் வெளியே, ஊர்ப் பழக்கத்தில் நின்றுவிட்டோம். காய்கறிக் கூடையோடு ஒரு பெண் எங்களைக் கடந்து உள்ளே போனாள்.

“அவ போறா டீச்சர், ஒருத்தரும் ஏசல்ல,” என்றாள் அஸீஸா.

“அப்ப நாமளும் போவம்.”

சுற்றிலும் தூண்கள் நின்ற வெள்ளைக் கல் முற்றத்தின் நடுவில் போய் நின்றேன். தொழுகையை விட்டுப் பல வருடமான என் தலை தானாகக் குனிந்தது.

பயப்படாதீர்கள், கப்பலைத் தவறவிடவில்லை; கால்வாயின் மறுமுனையில் ஏறிவிட்டோம். நீங்கள் தந்தும் நான் எடுத்து வராத தொழுகைப் பாயை லண்டன் விலாசத்துக்கு அனுப்புங்கள்.

மறுநாள் கப்பலில் சுபஹுத் தொழுகைக்கு விடியுமுன் எழுந்தேன். மக்கா இருக்கும் கிப்லாத் திசை எந்தப் பக்கம் என்று ஒரு மாலுமியிடம் கேட்டு, அவர் காட்டிய பக்கம் நின்றேன்.

அவசரமாக,
மகள் சுலைஹா