பெயர் எழுதாத பாட்டில்

மார்ச் 12, வியாழன்

புதிய மருந்து தேடி, தேங்காய்த் தண்ணீரில் பூஞ்சை வளர்க்கிறோம். மிஞ்சும் நல்ல தண்ணீரை ஃப்ரிட்ஜில் வைப்போம்; அதை ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும் சரசக்கா வீட்டுக்கு எடுத்துப்போவார். நேற்று, பூஞ்சை வளர்ந்த தண்ணீரை வடிகட்டி, பாட்டிலில் பெயர் எழுதாமல் அதே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். இன்று மாலை அதைக் காணோம். சரசக்காவிடம் போனில் கேட்டேன்.

“நாந்தானுங்க எடுத்தேன். பாப்பாவுக்குக் காய்ச்சலுன்னு குடுத்துப்போட்டேன். மத்தியானத்துல இருந்து நல்லாத் தூங்கறாளுங்க.”

அதில் விஷம் உண்டா என்று நாங்கள் இன்னும் சோதிக்கவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. சரி என்று போனை வைத்துவிட்டேன்.

ஒன்பது மணியிலிருந்து அழைக்கிறேன். எடுக்கவில்லை. வண்டிச் சாவி கையில்தான் இருக்கிறது. வீடு உக்கடத்தில் என்று தெரியும். எந்தத் தெரு என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை.