நான்காம் முறை கேட்ட கேள்வி

வெண்குன்ற நாடு நீடு வாழ்க. அதன் ஏழு குன்றுகளிலும் மழை பொழிக, பதினேழு ஆறுகளிலும் நீர் குறையாதொழிக.

வேந்தர் நெடுஞ்சேய் மன்னரின் திருவாணை தாங்கி நிற்கும் பேரமைச்சன் ஆதன் அழிசி, முப்பதாண்டுக் காலம் வினாவரங்கை நடத்தி நாட்டையே அடுப்படி வேலையை விட்டு ஓடிவரச் செய்த வினவுநாயகர், அரசர் கையால் பொற்பாகை பெற்ற மருதங்கொற்றனார் திருமுன் விடுக்கும் ஓலை. தாங்கள் ஓய்வு கொண்டுள்ள கழனிவாயில் ஊரும், ஊராரும், உழவெருதுகளும் நலமே அமைக. தங்கள் முழங்கால் வலியும் தணிக.

தாங்கள் எழுதி அனுப்பிய தன்வரலாறு, முந்நூற்றுப் பன்னிரண்டு ஏடுகளில் ஒன்றும் குறையாமல் வந்து சேர்ந்தது. வருகின்ற தைத் திங்கள் முழுநிலா நாளில் அது அரசவையில் படிக்கப்படவும், வினாவரங்கின் நாட்களில் நடந்தவாறே குன்றுக்கு ஒருவராக நிற்கும் கூவுநர் அதை ஏழூருக்கும் எடுத்து ஒலிக்கவும் மன்னர் இசைந்திருக்கிறார். அதற்கு முன் முழுதும் படித்து முத்திரை இடும் பொறுப்பை எனக்குத் தந்தார். நான்கு நாட்கள் படித்தேன். யானையின் நகங்கள் எத்தனை என்ற கேள்விக்குப் பாகன் தோற்றுச் சமையற்காரன் வென்ற இடத்தில், ஏவலர் எட்டிப் பார்க்கும்படி உரக்கச் சிரித்தேன். தலைப்பாகை கட்டும் முறைக்குப் பதினோரு ஏடுகள் செலவிட்டிருக்கிறீர்கள். ஐந்தாகக் குறைத்தாலும் நாடு பொறுத்துக்கொள்ளும்.

நூற்றுப் பன்னிரண்டாம் ஏட்டில் என் சிரிப்பு நின்றது.

வினாவரங்கின் முறைமையைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இவ்வோலை அரசு ஏடகத்தில் இருந்து பிற்காலத்தார் கண்ணில் படும் என்பதால் சொல்கிறேன். போட்டியாளர் இருவர் எதிரெதிர்ப் படிகளில் நிற்பர். ஒருவர் விடை சொன்னதும், "துணிந்தாயா?" என்று வினவுநாயகர் மும்முறை கேட்பார். மூன்றாம் முறை வரை விடையை மாற்றலாம். அதன்பின் மீண்டும் கேட்பது முறைகேடு. அப்படிக் கேட்டால் எதிர்ப்படியில் நிற்பவர் கையுயர்த்தித் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், வென்றவருக்கு அமைச்சரவையில் இருக்கை என்று பெரிய அரசர் அறிவித்த அந்த ஆண்டில், இறுதிப் படியில் நின்றவர் இருவர். ஒருத்தி நாணலாற்றுத் துறையில் ஓடம் தள்ளும் எயினி. மற்றவன் தங்கள் தமக்கை மகனாகிய நான். நம் ஆறுகளுள் கடலைச் சேராத ஆறு எது என்று தாங்கள் கேட்டீர்கள். நாணலாறு என்றாள் எயினி. மும்முறை கேட்டீர்கள், மும்முறையும் அசையாமல் நின்றாள். மூன்றாம் கேள்வியைக் கூட்டமே தங்களோடு சேர்ந்து கூவிக்கொண்டிருந்த அந்த ஆரவாரத்தில், தாங்கள் குரலைத் தாழ்த்தி, புருவத்தை உயர்த்தி, நான்காம் முறையும் கேட்டீர்கள். மூன்றே பழகிய கூவுநர் மூன்றோடு நிறுத்தினர். ஏழூரும் மூன்றையே கேட்டது. ஆற்றின் கடைசியைத் தன் தந்தை சொல்லக் கேட்டிருந்தாளே தவிரத் தான் கண்டவள் அல்லள் அவள். கற்றறிந்தவர் முகமே ஐயப்படுகிறது என்று அஞ்சி, செவ்வாறு என்று மாற்றினாள்.

அவள் விடை பிழையானதால் என் முறை வந்தது. எனக்கு விடை தெரியாது, அம்மான். அவள் கைவிட்டதை எடுத்து நாணலாறு என்றேன். தாங்கள் வெற்றி மணியை அடித்தீர்கள்.

இதையே தங்கள் ஏடு, மூன்று முறை கேட்டதாகவும், தான் ஓடம் விடும் ஆற்றையே அறியாத பெண் தானே தடுமாறியதாகவும், மருகன் தன் அறிவால் வென்றதாகவும் கூறுகிறது. என் மேல் கொண்ட அன்பினால் எழுதினீர்கள் என்பதை அறிவேன். படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது நிம்மதிதான். முத்திரையைக் கையில் எடுத்தும் விட்டேன். அதைச் சொல்ல வெட்கப்படுகிறேன்.

பதியவிடாமல் தடுத்தது ஒரு பழைய நினைவு. ஆறாண்டுகளுக்கு முன் எல்லை காணச் சென்றபோது அவள் ஓடத்தில் ஏறினேன். அவள் கோலை ஊன்றித் தள்ளும்போதெல்லாம், துணிந்தாயா என்று பயணிகள் கேட்டுச் சிரிப்பது அந்தத் துறையில் வழக்கமாகிவிட்டிருந்தது. என்னை அடையாளம் அறியாமல் அவர்கள் என் முன்னேயே சிரித்தார்கள்; அவள் அறிந்திருந்தாள். அக்கரை சேர்ந்து எல்லோரும் இறங்கிய பின், அரசிடம் குறை ஏதும் உண்டோ என்று அவளைக் கேட்டேன். வினவுநாயகர் மேல் தனக்குக் கோபம் இல்லை என்றும், அவர் தம் மருகனுக்காக ஆசைப்பட்டார் என்று எண்ணி ஆறிக்கொண்டதாகவும் அவள் கூறினாள். ஆனால் நான்காம் முறை கேட்டபோது தான் பார்த்தது அவர் முகத்தை மட்டுமல்ல, எதிர்ப்படியில் நின்ற என் முகத்தையுந்தான் என்றும், என் கை உயரும் என்று காத்திருந்து, அது உயராததால்தான் தன் விடை பிழை என்று நம்பிவிட்டதாகவும் கூறினாள். அதன்பின் ஓடத்திலிருந்த நீரை இறைக்கத் தொடங்கினாள். நான் படியேறி வந்துவிட்டேன்.

நேற்று இவை அனைத்தையும் மன்னரிடம் சொன்னேன். இத்தனை ஆண்டு ஏன் சொல்லவில்லை என்று ஒரு முறைதான் கேட்டார். நல்ல அமைச்சன் என்று பெயர் எடுத்தால் அது ஈடாகிவிடும் என்று எண்ணியிருந்தேன் என்றேன். ஈடாயிற்றா என்று அவர் கேட்கவில்லை; அதற்காக அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆகவே ஆணை யாதெனில்: நூற்றுப் பன்னிரண்டாம் ஏட்டை நீக்கி, நடந்ததை நடந்தபடி தங்கள் கையாலேயே புதிதாக எழுதி அனுப்புக. கேட்டது நான்கு முறை என்று எழுதுக. எண்ணிக்கொண்டே கை உயர்த்தாமல் நின்றவன் பெயரையும் முழுமையாக எழுதுக. மருகன் என்று மறைக்க வேண்டா. தை முழுநிலா நாளில் அந்த ஏடே முதலில் படிக்கப்படும், ஏழு குன்றுகளிலும் கூவப்படும். நாணலாற்றுத் துறைக்குக் குரல் எட்டுவதில்லை என்பதால் அங்கே மட்டும் தனியே ஒரு கூவுநர் நிற்பார். பயணிகள் ஏறியிருக்கும் நேரம் பார்த்துக் கூவுவார். அவையில் ஒழியும் இருக்கையை எயினிக்கு அளிக்க மன்னர் கருதுகிறார். ஏற்பதும் மறுப்பதும் அவள் உரிமை. யாரும் அவளை இருமுறை கேட்கலாகாது என்பதும் ஆணை.

தங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, அம்மான், அன்பும் குறையவில்லை. என் தாய் இருந்திருந்தால் நம் இருவரையும் சேர்த்தே திட்டியிருப்பாள்.

வேந்தர் அறிய, அவையோர் நால்வர் கண்டிருக்க, வெண்குன்றத்து அரண்மனையில் எழுதி முத்திரை பதித்தேன். பதித்த முத்திரையைத் துடைத்து மன்னர் முன் வைத்துவிட்டேன். இதற்கு மறுமொழி எழுதுவதாயின், பேரமைச்சருக்கு என்று விலாசமிட வேண்டா. ஆதன் அழிசிக்கு என்று மட்டும் எழுதுக.