பருப்பு சேர்க்காத சாதம்

கீர்த்தியின் அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். இன்று டூட்டிக்கு வந்ததும் முதலில் ஒரு பெண்ணின் வயிற்றுக் கட்டைப் பிரித்தேன். சத்தியவேட்டுக்காரி, நம் கீர்த்தி வயதுதான். அவளைப் போலவே சிசேரியன் முடிந்து நல்லபடியாக வீட்டுக்குப் போனவள், தையல் பிரிந்து சீழோடு திருப்பதிக்கே திரும்பி வந்திருக்கிறாள்.

“இன்னா சாப்பாடு குடுத்தீங்க?” என்று மாமியாரைக் கேட்டேன்.

“ரசஞ்சோறுதாம்மா. பருப்பு, முட்டை துன்னா சீழ் வெச்சிடுமே!”

“துன்னாமயே வெச்சிக்கினு வந்துகீதே, அதுக்கு இன்னா சொல்ற அத்த?” என்றாள் வார்டு பெருக்கும் தாட்சாயணி. அந்தப் பெண்ணும் சிரித்தாள். சிரித்ததில் தையல் வலித்து அழுதுவிட்டாள்.

நேற்று போனில் கீர்த்தியும் ரசஞ்சோறு என்றுதான் சொன்னாள். சமைத்துப் போடும் உங்கள் அக்கா பக்கத்தில் இருந்ததால் அதைப் பற்றி நான் பேசவில்லை. அவர் பாசத்தில்தான் செய்கிறார். ஆனால் புண் ஆற பருப்பும் முட்டையும் வேண்டும். நீங்களே சமைத்துக் கொடுங்கள். தண்ணீர் கேட்டால் மறுக்க வேண்டாம். தையல்மேல் மஞ்சள் பூசாமல், குளித்ததும் சுத்தமான துணியால் ஒற்றி உலர விடட்டும். சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

குழந்தை அழும்போது எனக்குப் போன் போட்டு அப்படியே வைத்திருங்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளை பெற்றுத் தாய்வீட்டுக்கு வந்தவளுக்கு அங்கே தாய் இல்லை. கேட்ட லீவு இந்த முறையும் கிடைக்கவில்லை. மதிய பஸ்ஸில் நம் ராமகுப்பத்துக்கு வரும் சிட்டிபாபுவிடம் இதைக் கொடுக்க வேண்டும், முடிக்கிறேன்.

ஸ்ரீதேவி

பி.கு.: இனி லீவு கேட்கப் போவதில்லை. நாளை வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறேன். இங்கே யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் கீர்த்தியிடம் சொல்லாதீர்கள்.