சந்தனம் மூடிய சிவப்புக் குறி

உனக்குப் பழுதான பெட்டியைக் கொடுத்தார்கள். பழுது என்று தெரிந்து, சிவப்பு மையால் குறி போட்டு ஒதுக்கி வைத்திருந்த பெட்டியை உன் வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். மாட்டிவிட்டுப் பழியைத் தூக்கி மலையின் தலையில் போட்டார்கள். நீ அதை நம்பினாய். நம்பிக்கொண்டே செத்தும் போனாய்.

அந்தப் பெட்டி இப்போது சங்கராபுரத்தில் என் மேசைமேல் கிடக்கிறது. ரௌட்டர் என்கிறார்கள், நாம் இருவரும் கடைசிவரை பெட்டி என்றே சொன்னோம். மதிய வெயில் ஜன்னல் வழியாக அதன்மேல் விழும்போது, காற்றுப் போவதற்கென்று விட்டிருக்கிற இடுக்குகளிலிருந்து துடைத்தும் போகாத சந்தன வாசம் வருகிறது. அந்த வாசம் வந்தால் எனக்கு ரத்தம் சூடாகிறது. செத்தவனுக்கு எழுதும்போது சாந்தமாக எழுத வேண்டும் என்பார்கள். உன்னிடம் நான் எந்த நாளில் சாந்தமாகப் பேசினேன்?

சர்க்கரை ஆலையின் டர்பைன் அறையில் இருபத்தாறு வருஷம் ஒன்றாக நின்றோம். அங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. புதிதாக வருகிறவன் முதல் மாதம் கத்துவான், இரண்டாம் மாதம் கத்துவதை விட்டுவிட்டு வாயை மட்டும் அசைப்பான். ஷிப்டு முடிந்து மூங்கில்துறைப்பட்டு டீக்கடையில் உட்கார்ந்தாலும் நமக்குப் பழக்கம் போகாது. "இன்னாபா, ரெண்டு மீனு கரையில உக்காந்துக்கினு இருக்கு" என்பார் கடைக்காரர். நீ அவரைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடிக் காட்டுவாய். கெட்ட வார்த்தைதான். எனக்கு மட்டும் புரியும்.

ஓய்வு பெற்ற மறுவருஷம் உனக்குக் காது முழுதாகப் போனது. டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். உனக்கு எழுத்து தெரியாது என்று நான் அவரிடம் சொல்லிவிட்டு, நீ பார்க்கும்படி வாயசைத்தேன். "போனா போவுது. இருந்தப்ப மட்டும் இன்னாத்த கேட்டேன், மிஷின் சத்தம்தான்" என்றாய். அதன் பிறகு வெள்ளிமலைக்கு மேலே உன் ஊருக்கே போய்விட்டாய். சாமை விதைத்தாய், மரவள்ளி போட்டாய். பஸ் ஏறி நான் வருவேன்.

உன் மகள் பூங்கொடி உன்னிடம் சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததே இல்லை. தாயில்லாமல் வளர்ந்த பெண். உதட்டை அகலமாக அசைத்து, ஒவ்வொரு சொல்லாக வைத்து, உன் கண்ணுக்கு நேராகப் பேசுவாள். நர்ஸ் படித்துச் சிங்கப்பூர் போன பிறகும் அப்படித்தான். மதியம் ஒன்றரை மணிக்கு நமக்கு வெயில் உச்சியில் இருக்கும்போது அவளுக்கு அங்கே இடைவேளை. வார்டில் நோயாளிகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மற்ற நர்ஸுகள் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடுவார்களாம். இவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல், தன் அப்பாவோடு அரைமணி நேரம் பேசிவிட்டு எழுந்திருப்பாள்.

அதற்குப் படம் வேண்டும். வெறும் குரல் உனக்கு எதற்கு? உன் ஊரில் டவர் எடுக்காது. பாறைமேல் ஏறினால் ஒரு கோடு தெரியும். முழங்கால் நன்றாக இருந்தவரை ஏறினாய். கால் விட்டுப் போனதும், கரண்ட் கம்பத்தோடு வரும் இன்டர்நெட் கம்பியை உன் வீட்டுக்கு இழுக்க நான்தான் எழுதிக் கொடுத்தேன். இதை நான் மறைக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று பெட்டி வந்தது. மாட்டியவர் நாற்பது வயதுக்காரர், அவசரக்காரர். பெட்டியின் நெற்றியில், வலது ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி. "இது இன்னாபா?" என்று கேட்டேன். "குடோன் மார்க்கு சார், ஒண்ணும் இல்ல" என்று ஏணியை மடக்கினார். அவர் போன பிறகு நீ மண்வெட்டி, கொடுவாள், ஆலையிலிருந்து கொண்டுவந்த உன் பழைய ஸ்பேனர் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தாய். புதுப் பொருளுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்றாய். நான் சந்தனத்தைக் குழைத்தேன். நல்ல நாளில் புதுச் சாமானின் முகத்தில் பெருக்கல் குறி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பரீட்சைத் தாளில் தப்புக்குப் போடுகிற மாதிரி இருந்தது. நடுவில் வைக்க வேண்டிய பொட்டை ஓரத்தில், அந்தக் குறியின் மேலேயே, கனமாக அப்பினேன். அதன்மேல் குங்குமம். நீ சூடம் காட்டினாய். பூஜை போட்ட பொருளை அதற்குப் பிறகு உன் வீட்டில் ஒருவரும் தொடவில்லை.

முதல் பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு படம் நிற்கத் தொடங்கியது. பூங்கொடியின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிடும். நீ போனைக் கிட்டத்தில் கொண்டுபோய், தூரத்தில் பிடித்து, அந்த உறைந்த உதட்டிலிருந்து சொல்லை எடுக்கப் பார்ப்பாய். அசைகிற உதட்டில்தான் சொல் இருக்கும். நின்றுபோன உதட்டில் என்ன இருக்கும்?

இன்டர்நெட் ஆபீசுக்கு நான்தான் போன் செய்தேன். அங்கிருந்த பெண், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றாள். பண்ணினோம். இரண்டு மூன்று நிமிஷம் நன்றாக வந்தது, திரும்பவும் நின்றது. மறுபடி போன், மறுபடி ஆஃப், ஆன். இதிலும் நீ ஒரு தந்திரம் கண்டுபிடித்தாய். ஒன்றரைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குச்சியால் சுவிட்சை அணைத்து, அவள் அழைக்கும் நேரத்துக்குப் போடுவாய். பெட்டியைத் தொடக்கூடாதல்லவா, அதற்காகக் குச்சி. கிடைக்கிற இரண்டு நிமிஷத்தில் "சாப்ட்டியா? இன்னா சாப்ட்ட? உடம்பு எப்படி?" அவ்வளவுதான் ஓடும். அரைமணி நேரம் பேசுகிற மனுஷனுக்கு இரண்டு நிமிஷம்.

ஆறிய பெட்டி ஓடுகிறது, சூடானால் நிற்கிறது. நான் எட்டாவதோடு நின்றவன். மோட்டாரும் ரேடியோவும் பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றவன். சூடானால் நிற்கிற எத்தனை மோட்டாரை இந்தக் கையால் பார்த்திருக்கிறேன்! எதிரே கிடந்த தடயத்தை நான் பார்க்கவில்லை.

மார்கழியில், பெட்டி மாட்டிய அந்த ஆளை ஒருவழியாக மலைக்கு வரவைத்தேன். வந்தவர் பெட்டியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்று தன் போனைத் தடவினார்.

"மலை ஏரியா சார் இது. மேல வர வர ஸ்பீடு கம்மியாத்தான் வரும்."

"கம்பியில வர்றதுக்கு மேடு இன்னாய்யா, பள்ளம் இன்னாய்யா? தண்ணியா அது, மோட்டார் வெச்சி ஏத்தறதுக்கு?"

"பெரியவரே, உங்க காலத்து ஒயர் கிடையாது இது. இதுக்குள்ள லைட்டு போவுது. உங்களுக்குச் சொன்னா புரியாது."

"புரியற மாதிரி சொல்லு. நிக்கிறேன்."

"எனக்கு இன்னும் நாலு வூடு போவணும் சார்."

"வேற பெட்டி ஒண்ணு மாட்டிப் பாரு. அப்புறம் போ."

"ஸ்டாக் இல்லீங்க."

நீ எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் கையைப் பிடித்து இழுத்து, "வுடுய்யா. மலை ஏறி வர்றதுக்கு அதுக்கும் மூச்சு வாங்குது போல" என்றாய். அவர் சிரித்தார். நீயும் சிரித்தாய். அவருக்கு மோர் வேறு கொடுத்து அனுப்பினாய். அந்த மோருக்காக உன்மேல் எனக்கு இன்றுவரை கோபம். உன்னை ஏமாற்ற வருகிறவனுக்கு நீ மோர் கொடுத்துவிட்டால், அவனோடு நான் எப்படிச் சண்டை போடுவது? இந்த மலையில் பிறந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான். ரோடு சரியில்லையா, மலை. பஸ் வரவில்லையா, மலை. கீழே இருக்கிறவன் செய்கிற ஒவ்வொரு தப்புக்கும் உங்கள் மலையே ஜாமீன் நிற்கிறது.

மாசியில் நீ போனாய். வயிற்றில் வந்த நோய்க்கு உன் உடம்பு பத்து நாள்கூடத் தாங்கவில்லை. பலாமரத்துக்குப் பக்கத்தில் உன்னை மண்ணில் வைத்த மறுநாள்தான் பூங்கொடி வந்து சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, உன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்து வாயசைத்தாள். சத்தமில்லை. வீட்டில் காது கேட்காதவர் எவரும் இல்லாதபோதும் அவளுக்கு அந்த வீட்டில் அப்படித்தான் பேச வருகிறது.

"பெரியப்பா, அப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். என் கல்யாண விஷயம். மெசேஜ் போட்டா வேற யாராவது படிச்சிச் சொல்லணும். அடுத்தவங்க வாயில அது அப்பாவுக்குப் போவக்கூடாதுன்னு நெனச்சேன். படம் நல்லா வரட்டும், படம் நல்லா வரட்டும்னு அஞ்சு மாசமா காத்துக்கினு இருந்தேன்."

மாப்பிள்ளை யார், எந்த ஊர் என்பதையும் சொன்னாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். அவள் வாயால்தான் உனக்கு வர வேண்டும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சங்கராபுரத்திலிருந்து என் வீட்டுப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு மலைக்கு வந்தேன். உன் பெட்டியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, அதே கம்பியில் என்னுடையதை மாட்டினேன். பூங்கொடி உன் நாற்காலியில் உட்கார்ந்து சிங்கப்பூரில் உள்ள தோழியைக் கூப்பிட்டாள். படம் வந்தது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரைமணி நேரம். தோழியின் மூக்குத்திக் கல்கூடத் தெரிந்தது. பூங்கொடி போனை மடியில் கவிழ்த்தாள்.

"இவ்ளோதானா பெரியப்பா?"

இவ்வளவுதான். ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொன்றை மாட்டுகிற வேலை. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. மலை இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

பழுது உன் பெட்டியில்தான் என்று உறுதிசெய்ய அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கம்பியில் மாட்டினேன். சங்கராபுரம் சமவெளி, ஒரு மேடு கிடையாது. மூன்றாவது நிமிஷம் நின்றது. தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. சந்தனம் இடுக்கை அடைத்ததால் சுடுகிறதோ என்று சந்தேகம் வந்தது. என் தப்பு என்றால் அதுவும் தெரிய வேண்டும் அல்லவா? ஈரத்துணியால் முழுவதும் துடைத்து, ஒரு நாள் காயவைத்து, மீண்டும் மாட்டினேன். அப்போதும் மூன்றாவது நிமிஷம் நின்றது. சந்தனம் பழுது செய்யவில்லை. ஆனால் சந்தனம் போன இடத்தில் அந்தச் சிவப்புப் பெருக்கல் குறி, மாட்டிய அன்று இருந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆபீசுக்குப் போனேன். உள் அலமாரியில் அதே மாதிரிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எட்டுப் பத்து பெட்டிகளில் அதே குறி. "சிவப்புல பெருக்கல் போட்டா இன்னாம்மா அர்த்தம்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "ரிட்டர்ன் வந்த பீஸுங்க தாத்தா. சூடாயி நின்னுடும். அதை வெளிய குடுக்கக் கூடாது" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண். முதலாளி உள்ளேயிருந்து வந்தார். "எப்படியோ மாறி வந்துடுச்சி பெரியவரே. அதைக் குடுத்துட்டுப் புதுசு ஒண்ணு எடுத்துக்கினு போங்க" என்றார். யாருக்கு எடுத்துக்கொண்டு போக என்று கேட்டேன். பெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் வந்துவிட்டேன். இரண்டு முறை ஆள் அனுப்பினார். தர மாட்டேன்.

அந்தச் சுவரில் இப்போது என் பெட்டிதான் இருக்கிறது. என் வீட்டில் இன்டர்நெட் இல்லை, அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஒன்றரை மணி ஆனால் மட்டும் என் உதடு தானாக அசைகிறது. பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் உன்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒற்றை மீன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். அந்த முதலாளி மலை ஏறி வர வேண்டும், உன் ஊர் நடுவில் நின்று, பழுது எங்களுடையது, மலையுடையது அல்ல என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். குறி போட்ட பெட்டிகளை அலமாரியில் வைக்காமல் உடைத்துப் போட வேண்டும். மாட்டியவர் தான் மாட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பப் போய், பொட்டு இருந்தால் துடைத்து, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், மோர் கேட்கக் கூடாது. மாற்றுப் பெட்டி ஒன்று பையில் இல்லாமல் எவரும் மலைக்கு வரக் கூடாது. உன் ஊர்க்காரர்கள் மலையைச் சொல்லி வருகிறவனை வாசலிலேயே நிறுத்தி, நிரூபி என்று கேட்க வேண்டும். நான், இனி எந்தப் பொருளில் எந்தக் குறியைக் கண்டாலும், சந்தனத்தைக் கீழே வைத்துவிட்டு, பதில் வரும்வரை கேட்க வேண்டும். பூங்கொடி உன் வருஷத் திதிக்கு வரும்போது பலாமரத்துப் பக்கம் உன்னை வைத்த மண்மேட்டுக்கு எதிரே உட்கார்ந்து, உதட்டை அகலமாக அசைத்து, சத்தமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக, அந்தச் சேதியை முழுதாகச் சொல்ல வேண்டும். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.